எந்த ஸ்வரத்தை விடுவது?

கைக்கடிகாரத்தை மேசைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டுதான் கணக்குப் பார்த்தேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் வெஸ்ட்போர்ட் என்ற ஊர். பிரிட்ஜ் தெருவில் மேட் மொலாயின் பப். அதன் பின்பக்கத்து அறை. இரவு மணி பத்தைத் தாண்டிவிட்டது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கறுத்த மரப் புல்லாங்குழலை ஊதிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு ஃபிடில், ஒரு பட்டன் அக்கார்டியன், ஒரு பூஸூக்கி. மேடை கிடையாது, மைக் கிடையாது. குடிக்க வந்தவர்கள் உட்காரும் அதே மாதிரி மேசையைச் சுற்றித்தான் வாசிக்கிறவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். வாசித்தது ரீல் என்ற நடனப் பாட்டு. ஒரு சுற்று முடிந்து எடுப்புக்குத் திரும்பியபோது 34 விநாடி ஆகியிருந்தது.

ரீலின் கட்டமைப்பில் மர்மம் ஒன்றும் இல்லை. எட்டு ஆவர்த்தம் ஒரு பகுதி, அதை இரண்டு தடவை வாசிப்பார்கள். அடுத்த எட்டு இன்னொரு பகுதி, அதுவும் இரண்டு தடவை. மொத்தம் 32. ஆவர்த்தத்துக்கு எட்டு ஸ்வரம் என்று வைத்தால் 256. விநாடிக்கு ஏழரை ஸ்வரம் விழுகிறது. அதுவும் ஒரு சுற்றோடு விடுவதில்லை. மூன்று சுற்று வாசித்து, அப்படியே அடுத்த ரீலுக்குத் தாவி, அங்கிருந்து மூன்றாவதுக்குப் போய், ஐந்து நிமிடம் கொட்டித் தீர்த்த பிறகுதான் கோப்பையைக் கையில் எடுக்கிறார்கள்.

"ரயிலுக்கு நேரமாகிறதா?" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். எண்பதை நெருங்கும் வயது, நல்ல உயரம், ட்வீட் தொப்பி. திருட்டுத்தனம் பிடிபட்டுவிட்டது. பாட்டின் வேகத்தைப் பார்த்தேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதை எண்ணி என்ன செய்யப்போகிறீர்கள்? அந்தப் பெண் எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று கண்டுபிடியுங்கள். சரியாகச் சொன்னால் ஒரு கின்னஸ் என் செலவு."

லேசான பந்தயம் என்றுதான் நினைத்தேன். சிறுவயதில் கும்பகோணத்தில் மூன்று வருடம் புல்லாங்குழல் கற்றவன் நான். மூங்கிலை விட்டுப் பல காலம் ஆகியும், ஊதுகிறவரைக் கண்டால் கண் தானாக அவர் தோளுக்குப் போகும். அவள் தோள் அசையவில்லை. உதட்டோரம் பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன். நம் கச்சேரியில் இது பெரிய விஷயமே இல்லை. கீர்த்தனைக்குச் சொற்கள் உண்டு, சொல் முடியும் இடத்தில் மூச்சு. ஆலாபனையில் நிறுத்தம் முழுக்க வாசிக்கிறவர் கையில். புல்லாங்குழல் மாலி போன்ற மேதை நிறுத்திய இடத்தில் சபை முழுக்கத் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ரீலில் நிறுத்தமே எழுதப்படவில்லை. 256 ஸ்வரமும் சங்கிலி மாதிரி, கடைசிக் கண்ணி மறுபடி முதல் கண்ணியில் மாட்டிக்கொள்கிறது. ஃபிடிலுக்கு வில் இருக்கிறது, அக்கார்டியனுக்குத் துருத்தி இருக்கிறது, அவர்களுக்குக் கவலை இல்லை. இந்தப் பெண்ணுக்கு இருப்பது இரண்டு நுரையீரல்தான்.

இப்படி ரீல்களைக் கோத்து வாசித்த நான்கு செட் கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. பெரியவர் தன் கோப்பையைத் தானே வாங்கிக் குடித்தார்.

பப்பின் சொந்தக்காரர் மேட் மொலாய் அன்று ஊரில் இல்லை. இருந்தால் சில இரவுகளில் அவரே வந்து உட்கார்ந்து வாசிப்பார் என்று சொன்னார்கள். ஐரிஷ் புல்லாங்குழலில் வேகம் என்ற பேச்சை எடுத்தால் அவர் பெயரில்தான் வந்து முடியும். 1947இல் ராஸ்காமன் மாவட்டத்தின் பாலஹடெரீன் ஊரில், குழல் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். டப்ளினுக்கு வந்து ஏர் லிங்கஸ் விமான நிறுவனத்தில் வேலை பார்த்தார். எழுபதுகளில் 'பாத்தி பேண்ட்' குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு ஐந்து வருடம்கூட முழுதாக இருக்கவில்லை, ஆனால் இன்றைக்கும் அந்த ஒலிப்பதிவுகளைப் போட்டால் கதவைத் தள்ளிக்கொண்டு யாரோ உள்ளே நுழைவது போல இருக்கும். 1979இல் சீஃப்டன்ஸ் குழு. நடுவே, 1976இல், டோனல் லன்னியின் பூஸூக்கித் துணையோடு அவர் போட்ட தனி இசைத்தட்டுதான் என்னைப் போன்ற ஆசாமிகளை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. சென்னையில் ஒரு நண்பர் அறையில் அதை முதன்முதலாகக் கேட்டபோது, இரண்டு குழல் வாசிக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னேன். நண்பர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஒரே ஆள்.

மொலாயின் பழைய குழல் ஒன்று வானத்துக்கும் போய் வந்தது. விண்வெளி வீராங்கனை கேடி கோல்மன் 2010 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பியபோது அதைக் கூடவே எடுத்துப் போனார். 2011 புனித பேட்ரிக் திருநாளன்று மேலே மிதந்தபடி வாசித்தார். எடையில்லாத இடத்தில் மூச்சு எப்படி வந்தது என்று அவரிடம் கேட்க எனக்கு ஆசை.

இந்த மூச்சுச் சங்கதியில் முந்தைய வாரமே எனக்குச் செம்மையாக அடி விழுந்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

க்ளேர் மாவட்டத்தில், அட்லாண்டிக் கடலுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, மில்டவுன் மால்பே என்று ஒரு சிற்றூர். ஒரே ஒரு முக்கியத் தெரு. அந்த ஊர்த் தச்சர் வில்லி க்ளான்சி, இல்லன் பைப் என்ற துருத்தி வாத்தியத்தில் பெரிய வித்வான். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். அந்தக் கோடையிலேயே நண்பர்கள் அவர் பெயரில் ஒரு இசைப் பள்ளி தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஜூலை வந்தால் ஒரு வாரம், உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்து குவிகிறார்கள். காலையில் வகுப்பு, மதியம் வகுப்பறைக்கு வெளியே வாசிப்பு, இரவு பப்பில் வாசிப்பு, விடியற்காலை தெருவோரத்தில் வாசிப்பு. தங்க இடம் கிடைக்காமல் ஒரு வீட்டின் தோட்டத்தில் கூடாரம் போட்டுப் படுத்தேன். நான்கு இரவும் மழை. கூடாரம் விற்றவன் எதிரே வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எழுத முடியாது.

குழல் வகுப்பில் பன்னிரண்டு பேர். எனக்கு ஒரு பிளாஸ்டிக் குழல் இரவல் கிடைத்தது. ஆறு துளை, கீ கிடையாது. ஸ்வரம் எழுதிய தாள் கொடுப்பதில்லை. ஆசிரியை ஒரு துண்டு வாசிப்பார், நாங்கள் திருப்பி வாசிக்க வேண்டும். நம் ஊரில் பாடாந்தரம் என்று சொல்வோமே, அதே வழி. முதல் நாள் எனக்கு நல்ல பெயர். பாட்டுச் சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிட்டது. இரண்டாம் நாள் தனியாக வாசிக்கச் சொன்னார். கொஞ்சம் மிடுக்காகவே ஆரம்பித்தேன். ஐந்தாவது ஆவர்த்தத்தில் காற்று தீர்ந்து, ஆறாவதில் 'புஸ்' என்று சத்தம் வந்து, நின்றுவிட்டேன்.

"நீங்கள் எல்லா ஸ்வரத்தையும் வாசிக்கிறீர்கள்" என்றார் ஆசிரியை. பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன்.

"எந்த ஸ்வரத்தை விடப்போகிறீர்கள்? அதை முடிவு செய்துவிட்டு வாசியுங்கள்."

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தது பத்து வயதுச் சிறுமி. அவள் அதே பாட்டை வாசித்தாள். நாலாவது ஆவர்த்தத்தில் ஒரு ஸ்வரத்தை விட்டாள். விட்டாள் என்றுகூடச் சொல்லக் கூடாது, தாண்டினாள். நொண்டி விளையாட்டில் ஒரு கட்டத்தைத் தாண்டுவது போல. அடுத்த சுற்றில் அதே ஸ்வரத்தை வாசித்தாள், வேறொன்றைத் தாண்டினாள். கால் மட்டும் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு ஸ்வரம் சாகும். தட்டு விழும் ஸ்வரத்தைக் கொல்லக் கூடாது, ஆடுகிறவன் கால் அதில்தான் இறங்கும். தட்டுக்கு அடுத்த பலவீனமான ஸ்வரத்தை எடுக்கலாம். நீளமான ஸ்வரம் வந்தால் அதன் வாலைக் கிள்ளலாம். பகுதி முடிகிற இடம் வசதியாகத் தெரியும், புதியவர்கள் எல்லாரும் அங்கேதான் மூச்சு வாங்குவார்கள், பாட்டுத் துண்டு துண்டாகிவிடும். கெட்டிக்காரர்கள் அந்த இடத்தை ஊதிக் கடந்து அடுத்த பகுதிக்குள் கொஞ்சம் போய் எடுப்பார்கள். கேட்கிறவனுக்குத் தையல் தெரியாது. இப்படி விட்ட ஓட்டைகளே பாட்டுக்கு ஒரு துள்ளல் கொடுத்துவிடும். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் லிஃப்ட். தூக்கிவிடுவது. மெதுவாக வாசித்தாலும் லிஃப்ட் இருந்தால் வேகமாகக் கேட்கும். லிஃப்ட் இல்லாமல் எவ்வளவு ஓட்டினாலும் தையல் மெஷின் சத்தம்தான்.

விரல் வேலை பற்றியும் சொல்லியாக வேண்டும், வேகம் என்று நம் காதில் விழுவதில் பாதி அங்கே இருக்கிறது. 'ரோல்' என்று ஒன்று. ஜி என்ற ஸ்வரத்துக்கு இடது கையின் மூன்று விரல்கள் மூடியிருக்கும். அதை ஊதிக்கொண்டே இடது கை விரல் ஒன்றைக் கண நேரம் தூக்கிப் போட வேண்டும். அது 'கட்'. மறுபடி ஜி. பிறகு வலது கை ஆள்காட்டி விரலால் கீழே உள்ள துளையை ஒரு தட்டு. அது 'டாப்'. மறுபடி ஜி. மூன்று ஸ்வரத்தின் இடத்துக்குள் இவ்வளவும் நடக்க வேண்டும். அந்த வெஸ்ட்போர்ட் பெண்ணின் வேகத்தில் பார்த்தால் அரை நொடிகூடக் கிடையாது. கட்டும் டாப்பும் ஸ்வரமாகக் கேட்கக் கூடாது, நாணயத்தை மேசையில் சுண்டியது போல ஒரு சொடுக்கு, அவ்வளவே. நம் கமகம் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். இவர்கள் செய்வது நேர் எதிர்: ஒரே ஸ்வரத்தை நறுக்குகிறார்கள். ஏன் நாக்கால் நறுக்கக் கூடாது? இந்த வித்தையெல்லாம் பைப்பிலிருந்து வந்தது. அயர்லாந்தின் இல்லன் பைப்பை வாயால் ஊதுவதில்லை, முழங்கையால் துருத்தியை அழுத்துகிறார்கள். நாக்குக்கு அங்கே வேலையே இல்லை, நறுக்குவதெல்லாம் விரல்தான். குழல்காரர்கள் அதைக் கேட்டுக் கேட்டுத் தங்கள் விரலுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாத் துளையும் மூடிய அடி டி ஸ்வரத்தில் தட்டுவதற்குக் கீழே துளை மிச்சம் இல்லை. அதற்குப் பைப்காரர்களிடம் 'க்ரான்' என்று தனி உத்தி இருக்கிறது, வெவ்வேறு விரலைத் தூக்கித் தூக்கிப் போடுவது. அதைக் குழலில் சர்வ சாதாரணமாக ஆக்கியவர்களில் மொலாய் முக்கியமானவர். சென்னையில் நான் கேட்ட இரண்டாவது குழல் அந்த க்ரான்தான் என்பது எனக்கு மில்டவுனில்தான் உறைத்தது.

வெஸ்ட்போர்ட் பெரியவருக்குச் சொந்த ஊர் ஸ்லைகோ மாவட்டத்தில் கர்ட்டீன் பக்கம். மகள் வீட்டுக்கு வந்திருந்தவர் மறுநாள் திரும்புகிறார், காரில் இடம் இருக்கிறது என்றார். மகள்தான் ஓட்டினார். காஸல்பார், ஸ்வின்ஃபோர்ட் தாண்டி, மொலாய் பிறந்த பாலஹடெரீன் வழியாகவே பாதை. சேறும் புல்லும் கல்வேலியும். பார்ப்பதற்கு ஏழை நிலம், வயலுக்கு நாலு மாடு. ஆனால் ஸ்லைகோ, ராஸ்காமன், லீட்ரிம் மூன்று மாவட்டங்கள் ஒட்டுகிற இந்தச் சதுப்பு மூலைதான் ஐரிஷ் குழலின் காவிரிப் படுகை. கர்ட்டீனில் பெரியவர் காரை நிறுத்தச் சொல்லி ஒரு கட்டடத்தைக் காட்டினார். ஃபிடில் மேதை மைக்கேல் கோல்மன் பெயரில் உள்ள மையம். பக்கத்து கில்லவிலில் 1891இல் பிறந்தவர் கோல்மன். நியூயார்க் போய் 1921இலிருந்து 78 சுற்று இசைத்தட்டுகள் போட்டார். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். தட்டுகள் தபாலில் ஊருக்குத் திரும்பி வந்தன. ஃபிடில்காரர்கள் மட்டுமல்ல, குழல்காரர்களும் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டார்கள். பறந்து போன பிள்ளையின் வேகத்தைப் பிடிக்க ஊரே ஓடியது.

"அதற்கு முன்னால் வேகத்தை முடிவு செய்தது ஆடுகிறவன்" என்றார் பெரியவர். "கல் பாவிய சமையலறை, ஆணி அடித்த பூட்ஸ். அவன் காலைத் தாண்டி நீ ஓடினால் குழலைப் பிடுங்கிவிடுவான்." 1935இல் பொது நடனக்கூடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. பாதிரியார்களும் போலீசும் அதை வைத்துக்கொண்டு வீட்டு நடனங்களையும் துரத்தினார்கள். ஆட்டம் கூடத்துக்குப் போனது, பிறகு பாட்டு ஆட்டத்தைவிட்டுப் பப்புக்கும் மேடைக்கும் போனது. நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவனுக்குக் கால் வலிக்காது. எவ்வளவு வேகமாக வாசித்தாலும் கைதட்டுவான். நம் சபாக்களில் தனி ஆவர்த்தனத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் வரும் கைதட்டு மாதிரி. வேகம் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். மொலாயின் வேகத்தில் ஒரு ஸ்வரம்கூட நசுங்குவதில்லை. அவரைப் பார்த்துப் புறப்பட்ட கூட்டத்தில் பாதிப் பேர் ஸ்வரத்தை மிதித்துக்கொண்டே ஓடுகிறார்கள் என்பது இந்தப் பத்து நாளில் எனக்கு வந்த எரிச்சல்.

மறுநாள் காலை டாக்ஸி பிடித்து அரிக்னாவுக்குப் போனேன். பெரியவர்தான் போகச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. மலைமேல் நிலக்கரிச் சுரங்கம். 1990இல் மூடிவிட்டார்கள், இப்போது வேடிக்கை பார்க்க உள்ளே கூட்டிப் போகிறார்கள். கூட்டிப் போனவர் அங்கேயே வேலை பார்த்தவர். கரிப்படலம் ஒன்றரை அடி உயரம்தான். ஆள் நிற்க முடியாது, மண்டி போடவும் முடியாது. ஒருக்களித்துப் படுத்து, தண்ணீரில் நனைந்தபடி, பக்கவாட்டில் வெட்ட வேண்டும். தோளால் தரையைத் தேய்த்துக் காட்டினார். பார்க்கும்போதே எனக்கு மூச்சு முட்டியது. பாக்கி டிக்னன் என்ற குழல்காரர் இந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர். பகல் முழுக்க அந்தப் பொந்தில் படுத்துக் கிடந்துவிட்டு, ராத்திரி குழலை எடுத்திருக்கிறார்.

சுரங்கத்திலிருந்து இறங்கினால் ஆலன் ஏரி. அக்கரை லீட்ரிம். லீட்ரிமில் பிறந்த ஜான் மெக்கென்னா நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவர், 1921 முதல் 1937 வரை இசைத்தட்டுகள் போட்டவர். ஏரிக்கரையில் டாக்ஸியை நிறுத்தச் சொல்லி ஃபோனில் அவரைப் போட்டுக் கேட்டேன். மொலாய் மூச்சை ஒளிக்கிறார் என்றால் இந்த மனிதர் ஒளிக்கவே இல்லை. மூச்சாலேயே தட்டுப் போடுகிறார். ஒவ்வொரு சின்ன வாக்கியமும் 'ஹ்' என்று வயிற்றிலிருந்து கிளம்புகிறது, மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டு ஒரு எகிறு எகிறி மறுபடி தரையில் குதிக்கிறது. கரடுமுரடாக இருக்கும் என்று சொல்லித்தான் எனக்கு அறிமுகப்படுத்தினார்கள். எனக்கென்னவோ வண்டிமாட்டின் ஓட்டம் நினைவுக்கு வந்தது, சலங்கையோடு. டாக்ஸிக்காரர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பெரியவர் வீட்டுச் சமையலறை. டீ, வெண்ணெய் தடவிய சோடா ரொட்டி. அலமாரி மேலிருந்து ஒரு நீளப் பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே பழைய ஃபிளானல் துணியில் சுற்றிய குழல், நான்கு துண்டாக. துண்டுகள் பொருந்தும் இடத்தில் நூல் சுற்றி மெழுகு தேய்த்திருந்தது. காகஸ் மரம், தேன் கலந்த கறுப்பு. ஊதுதுளையின் ஓரம் பல பேர் உதடு பட்டுப் பட்டு மழுங்கியிருந்தது. எட்டு கீ இருந்தன, அவற்றில் பல துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. "அவை வெறும் நகை. டி, ஜி இரண்டு கட்டைக்கு ஆறு துளை போதும்" என்றார். தலைப்பகுதியில் நீளவாக்கில் ஒரு விரிசல், தேன்மெழுகு வைத்து அடைத்திருந்தது. உள்ளே பித்தளைக் குழாய். மரம் காய்ந்து சுருங்கும், பித்தளை சுருங்காது, மரம் வெடிக்கும். இந்த வகைக் குழல் எல்லாவற்றுக்கும் இந்த வடு இருக்கும் என்றார்.

இது அயர்லாந்துக் குழலே கிடையாது என்பதுதான் வேடிக்கை. லண்டனில், சங்கீதக்காரக் கனவான்களுக்காகச் செய்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சார்லஸ் நிக்கல்சன் என்ற வித்வான் பெரிய துளை போட்ட மரக்குழலில் பிரமாதமான கனத்த ஓசை எழுப்பினார். 1831இல் அதைக் கேட்ட ஜெர்மானியர் தியோபால்ட் போம் ஊர் திரும்பி, குழலையே புதிதாகச் செய்ய உட்கார்ந்தார். 1847இல் அவர் முடித்த உருளைக் குழல்தான் இன்றைய ஆர்க்கெஸ்ட்ரா உலோகக் குழலின் தாய். அதன் பிறகு கனவான்கள் மரக்குழலை அடகுக்கடையில் போட்டார்கள். அங்கிருந்து சல்லிசு விலைக்கு அது ஸ்லைகோ விவசாயி கைக்கு வந்தது. நிக்கல்சனின் கனத்த ஓசை, பூட்ஸ் சத்தத்துக்கு மேலே கேட்கத் தோதாக இருந்தது.

மேசையில் ஒரு பழைய புத்தகமும் கிடந்தது. பிரான்சிஸ் ஓநீல் 1903இல் போட்ட தொகுப்பு, 1850 பாட்டுகள். கார்க் மாவட்டத்தில் பிறந்து சிகாகோ நகரின் போலீஸ் தலைவராக உயர்ந்த ஓநீலும் குழல் வாசித்தவர். புரட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக ஸ்வரம், எறும்பு வரிசை மாதிரி. மூச்சு எங்கே என்று ஒரு குறியும் இல்லை. ஊதத் தெரிந்த மனிதரே அதை எழுதாமல் விட்டிருக்கிறார்.

வாசித்துக் காட்டுங்கள் என்றேன். தலையசைத்தார். "ஏழு வருடமாக ஊதுவதில்லை." விரலால் தன் முன்பற்களைத் தட்டினார். பல்செட். கீழுதட்டுக்குப் பின்னால் பிடிமானம் இல்லாவிட்டால் காற்று குவியாதாம். குழலைப் பூட்டி, அனிச்சையாக உதட்டருகே கொண்டுபோனார். விரல்களை மட்டும் ஓட்டினார்.

காற்று இல்லை. துளைகளில் விரல் விழும் மெல்லிய 'டப்' சத்தம் மட்டும், மழை ஓட்டில் விழுவது போல. அடுப்பங்கரையில் மகள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். கட்டும் டாப்பும் ரோலும் எல்லாம் அந்தச் சத்தத்தில் தனித்தனியாகத் தெரிந்தன. என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது, ஆனால் ரீல். கால் தரையில் தட்டியது. வேகம் முந்தாநாள் இரவு அந்தப் பெண் வாசித்த வேகத்துக்குக் குறைவில்லை. இந்தத் தடவை நான் கடிகாரத்தைத் தேடவில்லை.

முதல் பகுதி முடிந்தது, நிற்காமல் தாண்டினார். இரண்டாம் பகுதியின் இரண்டாவது ஆவர்த்தத்தில் தட்டு விழுந்த கையோடு ஒரு 'டப்' சத்தம் குறைந்தது. விரல் காற்றில் நின்றது. ட்வீட் கோட்டுக்கு உள்ளே மார்பு விம்மி இறங்கியது. ஊதாத குழலுக்கு அவர் மூச்சு வாங்கினார்.

"அங்கே" என்றேன்.

குழலை மேசைமேல் வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தார்.